காணொலிக் கூட்டங்களும் களைப்பும்

நாள் முழுக்கக் காணொலிக் கூட்டங்களில் உட்கார்ந்தவருக்கு மாலையில் வரும் களைப்பைச் சோம்பல் என்று தள்ளிவிட முடியாது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெரமி பெய்லன்சன் 2021இல் அதற்கு நான்கு காரணங்களை முன்வைத்தார். திரையில் பெரிதாகத் தெரியும் முகங்கள் இடைவிடாமல் தன்னையே பார்ப்பது போன்ற உணர்வு அவற்றில் ஒன்று. நேரில் கூடும்போது சிலர் பேசுபவரைப் பார்ப்பார்கள். மற்றவர்கள் குறிப்பேட்டைப் பார்க்கலாம், ஜன்னலைப் பார்க்கலாம். திரையிலோ வாய் திறக்காதவரும் பார்வைக்குத் தப்புவதில்லை. தன் முகத்தையே மணிக்கணக்கில் பார்க்க நேர்வது, கேமராவுக்குள் அடங்க அசையாமல் இருப்பது, கவனிப்பதைக் காட்டிக்கொள்ள வலிந்து தலையாட்டுவது ஆகியவை மற்ற மூன்று.

அசையாமல் இருக்கும் சிக்கலை வீடும் கூட்டலாம். கிழக்கு லண்டனில் இல்ஃபோர்டை அடுத்த குட்மேய்ஸில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய வரிசை வீடுகள் அதிகம். 2020 மார்ச் 23 அன்று வீட்டிலேயே இருக்கும்படி பிரிட்டிஷ் அரசு அறிவித்தபோது, இத்தகைய வீடுகளின் மாடியிலுள்ள ‘பாக்ஸ் ரூம்’ பலருக்கு அலுவலகமானது. ஒற்றைக் கட்டில் போட்டாலே நிறைந்துவிடும் அறை அது. மேசையும் நாற்காலியும் வந்தபின் எழுந்து நாலு எட்டு நடக்கவும் இடமிருக்காது. லிவர்பூல் ஸ்ட்ரீட் நிலையத்துக்கு ரயிலில் போய்வந்த நேரம் வேலையையும் வீட்டையும் பிரித்து வைத்திருந்தது, அதுவும் போயிற்று. 2022 நவம்பர் முதல் எலிசபெத் லைன் ரயில்கள் இங்கிருந்து நேராக நகர மையத்தின் ஊடே ஓடுகின்றன. ஆனாலும், வாரத்தில் சில நாள் வீட்டிலிருந்தே வேலை என்பது பலருக்கு நிலைத்துவிட்டது.

சென்னைக் குழுவோடும் நியூயார்க்கோடும் சேர்ந்து வேலை செய்பவரின் பாடு இன்னும் கடினம். குளிர்காலத்தில் லண்டனுக்குச் சென்னை ஐந்தரை மணி நேரம் முந்தியது. சென்னையில் மாலை 6.30க்குக் குழு வீட்டுக்குக் கிளம்பும்போது லண்டனில் பகல் 1 மணி. அதற்குள் முடிக்க வேண்டிய பேச்செல்லாம் காலையிலேயே நெருக்கியடிக்கும். 2 மணிக்கு நியூயார்க்கில் அலுவலகம் தொடங்கிவிடும். கோடையில் லண்டன் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே நகர்ந்ததும், நடுவில் கிடைத்த சாப்பாட்டு நேரமும் காணாமல் போகும்.

இதற்குப் பரிகாரம் களைத்தவர் கையில் இருப்பதைவிடக் கூட்டத்தைக் கூட்டுபவர் கையில்தான் அதிகம். 2021இல் மைக்ரோசாஃப்ட் 14 பேரின் மூளை அலைகளை அளந்து பார்த்தது. அரைமணிக் கூட்டங்கள் அடுத்தடுத்து நடந்தபோது மன அழுத்தத்தின் அறிகுறி ஏறிக்கொண்டே போனது. இடையில் பத்து நிமிடம் ஓய்வு தந்தபோது அப்படிச் சேரவில்லை. அரைமணிக் கூட்டத்தை 25 நிமிடத்தில் முடிப்பது மிகச் சிறிய மாற்றம்தான், ஆனாலும் பலன் தரும். கேமரா கட்டாயமில்லை என்று மேலாளரே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். 103 பேரை நான்கு வாரம் கவனித்த ஓர் அமெரிக்க ஆய்வில், கேமரா திறந்திருந்த நாட்களில் களைப்பு கூடியது. பெண்களுக்கும் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும் அது அதிகம். மூடினால் தவறாக நினைப்பார்களோ என்று தயங்குவோரும் இவர்களாக இருக்கலாம்.

தானே செய்யக்கூடியவையும் உண்டு. தன் படத்தைத் தன் திரையில் மட்டும் மறைக்கும் வசதி ஜூமில் இருக்கிறது. படம் தேவைப்படாத பேச்சை, காதில் இயர்ஃபோன் மாட்டிக்கொண்டு குட்மேய்ஸ் பார்க்கில் நடந்தபடியே கேட்கலாம்.

திரை வேலைக்கான பிரிட்டனின் 1992ஆம் ஆண்டு விதிமுறைகள் வீட்டிலிருந்து வேலை செய்வோருக்கும் பொருந்தும். நீண்ட இடைவேளை எப்போதாவது எடுப்பதைவிட, மணிக்கு ஐந்து முதல் பத்து நிமிடம் எடுப்பது நல்லது என்கிறது அந்நாட்டின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பு. நாள்தோறும் தொடர்ந்து திரை பார்ப்பவர் கேட்டால், கண் பரிசோதனைக்கான செலவை நிறுவனமே ஏற்க வேண்டும்.