உடல் பருமனும் நமது தீர்ப்பும்



வார்டுகளில் ஜெபிக்கச் செல்லும் எங்களிடம், மருத்துவரிடம் சொல்லாததையும் நோயாளிகள் சொல்லுவதுண்டு. முழங்கால் வலிக்காகச் சேர்க்கப்பட்டிருந்த ஒரு சகோதரி, தாம் பல மாதங்களாக ஆலயத்துக்கே போகவில்லை என்றார். காரணம் கேட்டோம். "சபை விருந்திலே உட்கார்ந்தால் எல்லாரும் என் இலையைத்தான் பார்க்கிறாங்க, ஐயா. வீட்டிலே என் நாத்தனார் சாப்பிடுகிற அளவுதான் நானும் சாப்பிடுகிறேன். அவங்க ஒல்லி, நான் இப்படி. இரண்டு தடவை பட்டினி கிடந்து குறைத்தேன், வருஷத்துக்குள்ளே திரும்ப வந்துவிட்டது" என்றார்.

பெருந்தீனியைக் குறித்து நாங்களும் பல வருஷங்கள் பிரசங்கித்திருக்கிறோம். அப்போது எங்கள் கண்கள் பருத்த சரீரமுள்ளவர்கள் பக்கமே போயின என்பதை மறைப்பதற்கில்லை. மெலிந்தவர்களிலும் போஜனப்பிரியர் உண்டு என்பது அன்று தோன்றவில்லை. ஆகவே அச்சகோதரி சொன்னதில் எவ்வளவு உண்மை என்று மருத்துவர்களிடம் கேட்டும் வாசித்தும் அறிந்ததை இங்கே எழுதுகிறோம்.

டென்மார்க் தேசத்தில் தத்துப்பிள்ளைகளாக வளர்ந்த 540 பேரை ஆராய்ந்து, ஆல்பர்ட் ஸ்டங்கார்டு என்ற மருத்துவரும் அவரோடு இருந்தவர்களும் 1986-ல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். அவர்களுடைய உடல்வாகு பெற்றவர்களை ஒத்திருந்தது. ஒரே மேஜையில் சோறு போட்டு வளர்த்தவர்களை ஒத்திருக்கவில்லை.

1994-ல் நியூயார்க்கிலுள்ள ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃபிரீட்மனும் அவருடைய குழுவினரும் லெப்டின் என்ற ஹார்மோனைக் கண்டுபிடித்தார்கள். உடலிலுள்ள கொழுப்பிலிருந்து இது இரத்தத்தின் வழியாக மூளைக்குப் போய், "சேமிப்பு போதுமான அளவு இருக்கிறது" என்று தெரிவிக்கிறது. மூன்று வருஷத்துக்குப் பின், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் உறவுமுறையான இரண்டு பிள்ளைகளுக்கு இந்த ஹார்மோன் பிறவியிலேயே இல்லை என்று தெரியவந்தது. எட்டு வயதுச் சிறுமியின் எடை 86 கிலோ. இரண்டு வயதுச் சிறுவனின் எடை 29 கிலோ. எவ்வளவு சாப்பிட்டாலும் பசி அடங்காது. பிற்பாடு அச்சிறுமிக்கு லெப்டின் ஊசி போடப்பட்டபோது பசி தணிந்து, ஒரு வருஷத்தில் 16 கிலோ குறைந்தது. கண்டிப்பாலும் புத்திமதியாலும் ஆகாதது ஓர் ஊசியால் ஆயிற்று.

இது மிகவும் அபூர்வமான குறை. நம்மில் பெரும்பாலோருக்குப் பல நூறு மரபணுக்கள் ஒவ்வொன்றும் கொஞ்சங்கொஞ்சமாக எடையைக் கூட்டியோ குறைத்தோ வைக்கின்றன. உடல் பருமனோடு தொடர்புள்ளதாக 2007-ல் அறியப்பட்ட ஒரு மரபணு மாற்றத்தைத் தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் பெற்றவர்கள், பெறாதவர்களைவிடச் சராசரி மூன்று கிலோ மட்டுமே கூடுதலாக இருந்தார்கள்.

குறைத்த எடை ஏன் திரும்புகிறது? 1944-45-ல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 36 வாலிபர்கள் மனமுவந்து பசியை ஏற்றுக்கொண்டார்கள். யுத்தத்தில் ஆயுதம் எடுக்க மனச்சாட்சி இடங்கொடாதவர்கள்; பிரதரன், குவேக்கர், மெனோனைட் சபையார் பலர். பட்டினியால் வாடிய ஐரோப்பியரை எப்படிப் போஷிப்பது என்று அறியவே இந்தப் பரிசோதனை. ஆறு மாதம் ஏறக்குறைய பாதி உணவில் இருந்து, சரீர எடையில் கால்பங்கை இழந்தார்கள். நாடித்துடிப்பு குறைந்தது, குளிர் தாங்கவில்லை, பேச்செல்லாம் சாப்பாட்டைப் பற்றியே. சமையல் புத்தகங்களை எடுத்து வைத்து வாசித்தவர்களும் உண்டு! மறுபடி தாராளமாக உணவு கிடைத்தபோது, வயிறு நிறைந்தும் பசி தீராமல் தின்றார்கள். முன்னிருந்ததைவிட அதிகக் கொழுப்புச் சேர்ந்தது. இவர்களை மனவுறுதி இல்லாதவர்கள் என்று யார் சொல்லக்கூடும்? சரீரம் இழந்ததைத் திரும்பக் கேட்கிறது.

அப்படியானால் எல்லாம் பிறப்பிலேயே முடிந்துபோனதா என்றால், அதுவும் இல்லை. அமெரிக்காவின் அரிசோனாவில் பீமா என்ற பழங்குடியினர் கிலா நதியிலிருந்து வாய்க்கால் வெட்டிப் பயிர் செய்து வாழ்ந்தவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் குடியேறிகள் மேற்பகுதியிலேயே தண்ணீரைத் திருப்பிக்கொண்டதால் வயல்கள் காய்ந்தன. காலப்போக்கில் மாவும் சர்க்கரையும் பன்றிக் கொழுப்பும் அவர்களுடைய உணவாயின. இவர்களுடைய இனத்தார் சிலர் எல்லைக்கு அப்பால், மெக்சிகோ மலைகளில் மைகோபா என்ற ஊரில் இன்னும் உழுது பிழைக்கிறார்கள். 1994-ல் வெளியான ஆய்வின்படி மெக்சிகோ பீமாக்களின் சராசரி எடை 64 கிலோ. அரிசோனாவில் 90 கிலோ. சர்க்கரை நோயோ, 2006-ல் வந்த அறிக்கையில், அங்கே நூற்றுக்கு ஏழு பேர், இங்கே 38 பேர். இரத்தம் ஒன்று, ஆற்றுநீர் போனது ஒரு பக்கத்தாருக்கு.

இவை தவிர, தூக்கக்குறைவும் ஸ்டீராய்டு போன்ற சில மருந்துகளும் எடையைக் கூட்டும். ஆகையால் பருமனுக்காக வருகிறவரிடம் மருத்துவர் சாப்பாட்டை மட்டுமல்ல, தூக்கத்தையும் வேலையையும் மாத்திரைகளையும் குறித்து விசாரிக்கிறார். எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்தாலே இரத்தக் கொதிப்பிலும் சர்க்கரையிலும் பலன் தெரியும். ஒரு கிலோ குறைந்தால், நடக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் பாரம் ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது.

அந்தச் சகோதரி இதுவரை நான்கு கிலோ குறைத்திருக்கிறார். மாடிப்படி ஏறுகிறார். மறுபடியும் ஆராதனைக்கு வருகிறார். ஆனால் சபை விருந்துக்கு மட்டும் இன்னும் உட்காருவதில்லை.