ஒரே சராசரி, இருவேறு கான்கிரீட்

பொறியியல் கல்லூரிகளில் நிகழ்தகவும் புள்ளியியலும் பெரும்பாலும் பகடையிலும் நாணயத்திலும் தொடங்கி, பைக்குள் இருக்கும் சிவப்புப் பந்து, வெள்ளைப் பந்து என்று நீண்டு, தேர்வில் ஏதோ ஒரு பரவலின் சூத்திரத்தை நிறுவுவதோடு முடிந்துவிடுகின்றன. அதனால் நாளை பாலமும் கட்டடமும் கட்டப்போகிற மாணவருக்கு அந்தப் பாடம் தன் தொழிலோடு ஒட்டாத, எப்படியாவது தேறிவிட வேண்டிய ஒரு கணிதத் தாளாகவே தோன்றுகிறது. இது பெரிய இழப்பு. கட்டுமானத் தளங்களில் அன்றாடம் வார்க்கப்படும் கான்கிரீட் கியூப் ஒன்றை எடுத்துக்கொண்டாலே, முதலாண்டுப் புள்ளியியலின் முக்கால் பங்கை அதை வைத்து விளக்கிவிட முடியும்.

தளம் போடும்போது கலவையிலிருந்து கொஞ்சம் அள்ளி, 150 மில்லிமீட்டர் பக்கமுள்ள இரும்பு அச்சில் அடுக்கடுக்காக இட்டு, ஒவ்வோர் அடுக்கையும் கம்பியால் குத்திக் காற்றை வெளியேற்றி, மேற்பரப்பைக் கரணையால் மட்டம் செய்து வைக்கிறார்கள். மறுநாள் அச்சைக் கழற்றி, கியூபைத் தண்ணீர்த் தொட்டியில் இட்டு, 28ஆம் நாள் எடுத்து அழுத்தும் எந்திரத்தில் வைக்கிறார்கள். கரணையால் தேய்த்த முகம் முழுச் சமதளமாக இராது என்பதால், அது மேலும் கீழும் வராமல் பக்கவாட்டில் வரும்படி கியூபைத் திருப்பி வைப்பது வழக்கம். சுமை சீராக ஏறிக்கொண்டே போக, ஒரு கட்டத்தில் பக்கங்கள் பொரிந்து உதிர, எந்திரத்தின் முள் அதற்குமேல் ஏறாமல் நின்றுவிடுகிறது. அந்த எண் 675 கிலோ நியூட்டன் என்றால், அதைக் கியூபின் பரப்பான 22,500 சதுர மில்லிமீட்டரால் வகுக்கக் கிடைக்கும் 30 என்பதே, சதுர மில்லிமீட்டருக்கு இத்தனை நியூட்டன் என்ற கணக்கில், அந்தக் கியூபின் வலிமை. ஒரே கலவையிலிருந்து எடுத்த மூன்று கியூப்களின் சராசரியை ஒரு சோதனை முடிவாகக் கொள்ள வேண்டும் என்றும், மூன்றில் எதுவும் அந்தச் சராசரியிலிருந்து 15 விழுக்காட்டுக்கு மேல் விலகக் கூடாது என்றும் கான்கிரீட் கட்டுமானத்துக்கான இந்தியத் தர விதிநூலான ஐ.எஸ். 456 வரையறுக்கிறது.

ஒரே ஆலையின் சிமெண்ட், ஒரே குவாரியின் ஜல்லி, ஒரே அளவுக் கலவை என்று எல்லாவற்றையும் ஒன்றாகவே வைத்தாலும் இரண்டு கியூப்கள் ஒரே எண்ணில் உடைவதில்லை. இரவு பெய்த மழையில் மணல் நனைந்திருந்தால், கலவைக்குக் கணக்கிட்ட தண்ணீரோடு மணலின் ஈரமும் சேர்ந்து வலிமையைக் குறைக்கும். கம்பியால் குத்துவது சரியாக அமையாவிட்டால் உள்ளே காற்றறைகள் தங்கும். ஜல்லியின் அளவும் தொட்டித் தண்ணீரின் வெப்பமும் தத்தம் பங்குக்கு எண்ணை மாற்றும். இப்படி ஒவ்வொரு முறையும் வேறு மதிப்பு வரக்கூடியதும், எந்த மதிப்பு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல இயலாததும், ஆனால் எந்த எல்லைக்குள் எவ்வளவு வாய்ப்போடு வரும் என்று சொல்லக்கூடியதுமான அளவையே கணிதம் சமவாய்ப்பு மாறி என்று அழைக்கிறது. கான்கிரீட்டின் வலிமையை ஓர் எண்ணாக எண்ணிக்கொண்டிருந்த மாணவர் அதைப் பல எண்களின் பரவலாகப் பார்க்கத் தொடங்கும் இடமே இந்தப் பாடத்தின் வாசல்.

விளக்கத்துக்காக இரண்டு தளங்களைக் கற்பனை செய்துகொள்ளலாம். முதல் தளத்தில் ஐந்து சோதனை முடிவுகள் 30, 31, 32, 33, 34. இரண்டாவதில் 24, 28, 32, 36, 40. இரண்டுக்கும் சராசரி 32. சராசரியை மட்டும் பதிவேட்டில் எழுதும் மேற்பார்வையாளருக்கு இரண்டும் ஒரே தரம். ஆனால் இரண்டாம் தளத்தில் ஏதோ ஒரு தூணுக்குள் 24 அலகு வலிமையுள்ள கான்கிரீட் போயிருக்கிறது. பக்கத்துத் தூணில் 40 இருப்பது இந்தத் தூணுக்கு எந்த வகையிலும் துணை செய்யாது. சுமையைத் தூண்கள் சராசரி போட்டுத் தாங்குவதில்லை, அதது தன் பங்கைத் தானே தாங்க வேண்டும் என்பதால், எண்கள் எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்பதையும் அளந்தாக வேண்டும்.

அந்தச் சிதறலின் அளவே திட்ட விலக்கம். ஒவ்வொரு முடிவும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பார்த்து, அந்த விலக்கங்களை வர்க்கப்படுத்திக் கூட்டி, முடிவுகளின் எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்து அதனால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் அது கிடைக்கும். ஒன்றைக் குறைப்பது ஏன் என்பது மாணவர் பலரும் கேட்கத் தயங்கி மனப்பாடம் செய்துகொள்ளும் கேள்வி. விலக்கங்களை வர்க்கப்படுத்தாமல் கூட்டினால் எப்போதும் பூஜ்ஜியமே வரும் என்பதால், நான்கு விலக்கங்கள் தெரிந்தால் ஐந்தாவது தானே தீர்மானமாகிவிடுகிறது. ஆகவே சிதறலைப் பற்றி அங்கே சுதந்திரமாகச் சொல்லும் செய்திகள் நான்குதான். முதல் தளத்தில் வர்க்கங்களின் கூடுதல் 10, அதை 4 ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுக்க 1.58, இரண்டாம் தளத்தில் கூடுதல் 160, திட்ட விலக்கம் 6.32. இரண்டு தளங்களுக்கும் உள்ள வேறுபாடு, சராசரியில் தெரியாதது, இங்கே நான்கு மடங்காக வெளிப்படுகிறது.

முடிவுகள் நூற்றுக்கணக்கில் சேரும்போது, அவை நடுவில் குவிந்து இருபுறமும் சரிந்து மணியின் வடிவத்தைக் கொள்கின்றன. இந்த இயல்நிலைப் பரவலின் வளைவரையை நாணயச் சுண்டல் கணக்குகளை எளிதாக்கும் வழியாக 1733இல் ஆபிரகாம் டி மாய்வர் கண்டார். 1809இல் கார்ல் ஃபிரெடரிக் காஸ் கோள்களின் பாதையை அளப்பதில் நேரும் பிழைகளுக்கு அதைப் பொருத்தினார். தனித்தனியான பல சிறு காரணங்கள் ஒன்றோடொன்று கூடி ஓர் அளவை மாற்றும் இடங்களில் இந்த வடிவம் தோன்றும் என்பது மைய எல்லைத் தேற்றத்தின் சாரம். மணலின் ஈரமும் குத்துக் கம்பியும் தண்ணீரின் வெப்பமும் சேர்ந்து மாற்றும் கான்கிரீட்டும் ஏறக்குறைய அதற்கு இணங்குகிறது. இந்தப் பரவலில் சராசரிக்கு இருபுறமும் ஒரு திட்ட விலக்கத்துக்குள் 68 விழுக்காடும், இரண்டுக்குள் 95 விழுக்காடும் அடங்கும். சராசரிக்குக் கீழே 1.65 திட்ட விலக்கம் இறங்கினால், அதற்கும் கீழே எஞ்சுவது 5 விழுக்காடு மட்டுமே.

எம் 25 என்று கட்டுமானத் துறையில் வழங்கும் பெயரின் பொருள் இந்த 5 விழுக்காட்டில்தான் இருக்கிறது. எம் என்பது மிக்ஸ், அதாவது கலவை. 25 என்பது சிறப்பியல்பு வலிமை, அதாவது சோதனை முடிவுகளில் 5 விழுக்காட்டுக்கு மேல் எந்த அளவுக்குக் கீழே விழாது என்று எதிர்பார்க்கப்படுகிறதோ அந்த அளவு. 25 என்றால் சராசரி 25 என்று புரிந்துகொண்டு கலவை போட்டால் கியூப்களில் பாதி 25க்குக் கீழே உடையும். எனவே கலவையை வடிவமைப்பவர் 25ஓடு 1.65 திட்ட விலக்கத்தைக் கூட்டி, அந்த உயரத்தைச் சராசரியாகக் குறிவைக்க வேண்டும். தளத்துக்கென்று சோதனைப் பதிவு சேராத தொடக்க நிலையில் எம் 25க்குத் திட்ட விலக்கம் 4 என்று வைத்துக்கொள்ள ஐ.எஸ். 456 அனுமதிக்கிறது; அப்போது இலக்குச் சராசரி 31.6. மேலே கண்ட முதல் தளத்தின் 32இலிருந்து 1.65 மடங்கு 1.58ஐக் கழித்தால் 29.4 கிடைப்பதால் அது எம் 25ஐத் தாராளமாக எட்டுகிறது. இரண்டாம் தளத்தில் அதே கணக்கு 21.6இல் நிற்கிறது. ஒரே சராசரியுள்ள இரண்டு கான்கிரீட்டில் ஒன்று தேறுகிறது, மற்றொன்று தேறவில்லை.

இதில் காசுக் கணக்கும் உண்டு. எம் 30 கலவை போடும் ஒரு தளத்தில் திட்ட விலக்கம் 5 என்றால் இலக்கு 38.25; எடை போட்டு, மணலின் ஈரத்தைக் கழித்து, தண்ணீரை அளந்து ஊற்றி அதை 3க்குக் கொண்டுவந்தால் இலக்கு 34.95. இந்த 3.3 அலகு இறக்கம் சிமெண்ட் செலவாகக் குறைகிறது. தரக் கட்டுப்பாடு வீண் செலவு என்று நினைக்கும் ஒப்பந்ததாரர், கவனக்குறைவுக்கு ஈடாக ஒவ்வொரு கன மீட்டரிலும் கூடுதல் சிமெண்டைக் கொட்டிக்கொண்டிருக்கிறார்.

அனுமதிக்கப்பட்ட 5 விழுக்காடு மிகச் சிறியது என்று தோன்றும். அங்கேதான் உள்ளுணர்வு ஏமாறுகிறது. ஒரு முடிவு 25க்குக் கீழே போகாதிருக்கும் நிகழ்தகவு 0.95. இருபது முடிவுகளும் ஒன்றையொன்று சாராதவை என்றால், இருபதில் ஒன்றுகூடக் கீழே போகாதிருக்கும் நிகழ்தகவு 0.95ஐ இருபது முறை பெருக்க வரும் 0.36. ஆக, எந்தக் குறையும் இல்லாத நல்ல கான்கிரீட்டிலும், இருபதில் ஒன்றாவது 25க்குக் கீழே உடைவதற்கு 64 விழுக்காடு வாய்ப்பு இருக்கிறது. ஒரு முடிவு 24 என்று வந்ததும் கலவை கெட்டது என்று கூச்சலிடுவதும், அதற்கு அஞ்சிப் பதிவேட்டில் 24ஐ 26 என்று திருத்துவதும் ஒரே அறியாமையின் இரண்டு முகங்கள். சாராத்தன்மை என்ற நிபந்தனையையும் மறந்துவிடக் கூடாது: ஒரே லாரியின் கான்கிரீட்டிலிருந்து இருபது முடிவுகளை எடுத்தால் அவை சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும், அங்கே 0.95ஐப் பெருக்குவது பொருளற்ற கணக்கு. நிகழ்தகவில் மிகுதியாகத் தவறாகப் பயன்படுவது இந்தப் பெருக்கல்தான்.

தனி முடிவுக்கு இவ்வளவு இடம் கொடுத்துவிட்டால் தரத்தை எப்படி உறுதி செய்வது? அடுத்தடுத்த நான்கு முடிவுகளின் சராசரி, சிறப்பியல்பு வலிமையோடு 0.825 மடங்கு திட்ட விலக்கத்தைக் கூட்டிய அளவுக்காவது இருக்க வேண்டும் என்று விதிநூல் கேட்கிறது. கூடவே, தனி முடிவு எவ்வளவு இறங்கலாம் என்பதற்கும் ஓர் எல்லை வைக்கிறது. 0.825 என்ற விசித்திரமான எண்ணைப் பார்க்கும் மாணவர் அதை எங்கோ குழுவில் தீர்மானித்த எண் என்று கடந்துவிடுவார். அது 1.65இன் சரிபாதி. தனித்தனி முடிவுகளைவிட அவற்றின் சராசரி குறைவாகவே ஊசலாடும். எத்தனை முடிவுகளின் சராசரியோ அந்த எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் திட்ட விலக்கத்தை வகுக்க வேண்டும். நான்கின் வர்க்கமூலம் இரண்டு. ஆகவே நான்கு முடிவுகளின் சராசரிக்குத் திட்ட விலக்கம் பாதி. இலக்குச் சராசரி 1.65 மடங்கு மேலே இருக்கிறது, அதிலிருந்து 1.65இன் பாதியைக் கழித்தால் எஞ்சுவது 0.825. வகுப்பறையில் திட்டப் பிழை என்ற பெயரில் படிப்பது இங்கே தளத்தின் ஏற்பு விதியாக எழுதப்பட்டிருக்கிறது.

அந்த விதி இரண்டு வகையாகத் தவறலாம். இலக்கைச் சரியாக எட்டிய கான்கிரீட்டும், நான்கு முடிவுகளும் தற்செயலாகத் தாழ்ந்து போய், 5 விழுக்காடு வாய்ப்பில் நிராகரிக்கப்படும். நல்லதைத் தள்ளும் இந்தத் தவறு முதல் வகைப் பிழை. மறுபுறம், உண்மையான சராசரி சரியாக அந்த 0.825 எல்லையிலேயே நிற்கும் கான்கிரீட்டில் ஐந்தில் ஒரு பங்கு சிறப்பியல்பு வலிமைக்குக் கீழே இருக்கும். ஆனாலும் சராசரி விதியை மட்டும் வைத்துப் பார்த்தால் அது தேறுவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. மோசமானதை ஏற்கும் இது இரண்டாம் வகைப் பிழை. முதலாவதில் நட்டம் ஒப்பந்ததாரருக்கு, இரண்டாவதில் அந்த வீட்டில் குடியிருக்கப் போகிறவருக்கு. ஒன்றைக் குறைக்க எல்லையை நகர்த்தினால் மற்றொன்று கூடும். இரண்டையும் ஒருசேரக் குறைக்க ஒரே வழி, கூடுதல் கியூப்களை உடைப்பது.

ஐந்து முடிவுகளை வைத்துத் திட்ட விலக்கம் கணக்கிட்டது விளக்கத்துக்குச் சரி, நடைமுறைக்குப் போதாது. விதிநூல் குறைந்தது 30 முடிவுகள் வேண்டும் என்கிறது. சிறிய கூறுகளில் திட்ட விலக்கமே நம்பத்தகாதபடி ஆடுவதைக் கணக்கில் கொண்டவர், டப்ளினின் கின்னஸ் மதுபான ஆலையில் பணியாற்றிய வில்லியம் கோசெட். 1908இல் ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் அவர் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வளர்ந்த டி-பரவலின்படி, ஐந்து முடிவுகளின் சராசரியைப் பற்றி அதே 5 விழுக்காட்டுப் பிழை வாய்ப்போடு பேச வேண்டுமானால் 1.65 போதாது, 2.13 வேண்டும்.

இந்தக் கணக்குகள் எல்லாம், எடுத்த கூறு நேர்மையானது என்ற ஒன்றை நம்பி நிற்கின்றன. கியூபுக்கு என்று தனியாக ஒரு கைப்பிடி சிமெண்ட் கூடுதலாகப் போட்டுக் கலந்தால், எந்திரம் அந்தக் கியூபின் வலிமையைச் சொல்லும். தளத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. கெட்ட எண்ணம் இல்லாமலும் கூறு பிழைபடும் என்பதற்கு 1986 ஜனவரி 28 அன்று ஏழு பேரைப் பலிகொண்ட சேலஞ்சர் விண்ணோட விபத்து சான்று. ஏவலுக்கு முந்தைய இரவு, குளிர் ராக்கெட்டின் இணைப்பு வளையங்களைப் பாதிக்குமா என்று விவாதித்தபோது, வளையம் பழுதான பயணங்களின் வெப்பநிலைகளை மட்டும் ஒப்பிட்டார்கள். அவற்றில் ஒழுங்கு எதுவும் தென்படவில்லை. பழுதே இல்லாத பயணங்களையும் சேர்த்துப் பார்த்திருந்தால், 65 ஃபாரன்ஹீட் பாகைக்குக் கீழே நடந்த நான்கு பயணங்களிலும் பழுது இருந்ததும், அதற்கு மேற்பட்ட 20 பயணங்களில் மூன்றில் மட்டுமே இருந்ததும் கண்ணுக்கு எதிரே நின்றிருக்கும். ஏவும் நேரத்தில் வெப்பநிலை 36 பாகை.

ஆய்வகத்தில் கியூப் தேறாமல் போகும் நேரத்தில், 28 நாள்கள் கடந்திருப்பதால், அந்தத் தளத்தின் மேல் அடுத்த தளம் ஏறியிருக்கும். சந்தேகத்துக்குரிய இடத்தில் உருளை வடிவத்தில் குறைந்தது மூன்று துண்டுகளைத் துளையிட்டு எடுத்து உடைத்துப் பார்ப்பது அப்போது எஞ்சியிருக்கும் வழிகளில் ஒன்று. அங்கும் ஐ.எஸ். 456 சராசரியை மட்டும் கேட்பதில்லை: மூன்றின் சராசரி அந்த வயதுக்குரிய கியூப் வலிமையில் 85 விழுக்காட்டை எட்ட வேண்டும், அதோடு எந்தத் துண்டும் 75 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது.