சாவடியில்லா எல்லைகள்

ஐரோப்பாக் கண்டத்தில் மோட்டார் வண்டியேறி, நான்கைந்து தேசங்களை ஒரே யாத்திரையில் சுற்றி வர வேண்டுமென்ற ஆசை நம்மவர் பலருக்கு இன்று உண்டாகியிருக்கிறது. ஆசை நல்லதே. ஆனால் அவர்கள் வகுக்கும் திட்டங்களைப் பார்த்தால், கடைவீதியும் பனிமலையும் புகைப்படமுமே அவற்றில் நிரம்பியிருக்கக் காண்கிறோம். பெரும்பொருள் செலவிட்டுச் சென்று, எங்கும் கிடைக்கும் காட்சிகளை மட்டும் கண்டு திரும்புவது விவேகமாகாது. பொது வாழ்வில் சிரத்தையுள்ள ஒருவர் அக்கண்டத்தில் எவ்வழியே செல்லுதல் தகும், அதற்கு வேண்டிய முன்னேற்பாடுகள் யாவை என்பதை இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம்.

நாம் கூறும் வழி வடபிரான்ஸிலுள்ள நவ் ஷாப்பெல் என்னும் சிற்றூரில் தொடங்குகிறது. அங்கிருந்து வெர்டன், லக்ஸம்பர்க்கின் ஷெங்கன், மீண்டும் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க், ஜெர்மனியின் ஸ்டட்கார்ட், ஸ்விட்சர்லாந்தின் வில்நவ், பெரிய செயின்ட் பெர்னார்ட் கணவாய் ஆகியவற்றைக் கடந்து, தென் இத்தாலிக்குப் போகும் வழியிலுள்ள காஸினோவில் முடிகிறது. ஐந்து தேசங்கள், 2,000 கிலோ மீட்டருக்குச் சற்று அதிகமான தூரம். மூன்று வாரம் இருந்தால் அவசரமின்றிச் சென்று வரலாம். கணவாய்ப் பாதை பனிக்காலத்தில் மூடப்படுவதால், ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களே தகுந்தவை. காலம் தப்பிச் செல்வோருக்கு, 1964-ல் திறக்கப்பட்ட சுரங்கப் பாதை உண்டு. அதற்குத் தனிக் கட்டணம் செலுத்த வேண்டும்.

முன்னேற்பாடுகளில் முதலாவது விஸா. இவ்வைந்து தேசங்களுக்கும் ஒரே ஷெங்கன் விஸா போதும். எத்தேசத்தில் அதிக நாள் தங்க உத்தேசமோ அத்தேசத்தினிடமே விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமாயின், முதலில் நுழையும் தேசத்தினிடம். பிரயாணத்துக்கு ஆறு மாதம் முன்னதாகவே விண்ணப்பம் செய்யலாம். பதினைந்து நாட்களுக்குக் குறைவாக இருக்கும்போது செய்தல் ஆகாது. குறைந்தது 30,000 யூரோ அளவுக்கு வைத்தியச் செலவை ஏற்கும் இன்ஷ்யூரன்ஸ் வேண்டும். எந்த 180 நாட்களை எடுத்துக் கொண்டாலும் அவற்றுள் 90 நாட்களுக்கு மேல் அங்கே தங்குவதற்கில்லை.

இரண்டாவது, வண்டி ஓட்டும் உரிமை. நம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அநுமதிப் பத்திரம் பெற்று, இந்திய லைசென்ஸுடன் சேர்த்து வைத்துக் கொள்ள வேண்டும். வாடகை வண்டியை ஒரு தேசத்தில் எடுத்து மற்றொரு தேசத்தில் விடுவதற்குப் பெருந்தொகை கேட்பார்கள். எந்தெந்த தேசங்களுக்குள் ஓட்டலாம் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குதல் நன்று. வண்டிகள் சாலையின் வலப்பக்கமே செல்லும் என்பதை முதல் நாள் முழுவதும் நினைவிற் கொள்ள வேண்டும். பிரான்ஸிலும் இத்தாலியிலும் பெரிய நெடுஞ்சாலைகளில் தூரத்துக்கேற்பச் சுங்கம் உண்டு; ஜெர்மனியில் சிறு வண்டிகளுக்குப் பொதுவாக இல்லை; ஸ்விட்சர்லாந்தில் 40 பிராங்க் கொடுத்து ஆண்டு வில்லை வாங்க வேண்டும். இத்தாலியப் பழநகரங்களின் உட்பகுதிகளில் அநுமதியின்றி வண்டியைச் செலுத்தினால், காமிரா கண்டு கொள்ளும். அபராதச் சீட்டு வீடு தேடி வரும்.

இனி, இவ்வழியை ஏன் தேர்ந்தோம் என்பதைச் சொல்லுவோம். நவ் ஷாப்பெலில் 1915 மார்ச்சில் இந்திய சிப்பாய்கள் ஜெர்மன் அகழிகளின் மீது பாய்ந்து மடிந்தனர். கல்லறையும் அறியப்படாத 4,700-க்கு மேற்பட்ட இந்தியரின் பெயர்கள் அங்குள்ள நினைவுச் சின்னத்தில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. இவ்வெல்லைகளை அவர்கள் கடந்து வந்தபோது யாரும் விஸாக் கேட்கவில்லை. அவர்களுடைய தேசத்தின் சம்மதத்தையும் யாரும் கேட்கவில்லை. வெர்டனில் 1916-ல் பிரெஞ்சுக்காரரும் ஜெர்மானியரும் பத்து மாத காலம் போராடினர். இனம் காண இயலாத ஏறக்குறைய 1,30,000 வீரர்களின் எலும்புகள் அங்கே ஒரே மண்டபத்தில் கலந்து கிடக்கின்றன. எல்லைக் கோட்டை ஆயுதத்தால் நகர்த்த முயன்றதன் கணக்கு அது.

ஸ்ட்ராஸ்பர்க் இதனினும் தெளிவான பாடம் புகட்டுகிறது. 1871-ல் அந்நகரை ஜெர்மனி கைக்கொண்டது; 1918-ல் பிரான்ஸ் மீட்டது; 1940-ல் ஹிட்லர் பறித்தான்; 1944-ல் மீண்டும் பிரான்ஸிடம் வந்தது. 1870-ல் அங்கே பிறந்து எழுபத்தைந்து வயது வரை வாழ்ந்த ஒருவன், தன் வீட்டு வாயிலைத் தாண்டாமலே நான்கு முறை தேசம் மாறியிருப்பான். இன்றோ ரைன் நதியின் அக்கரையிலுள்ள ஜெர்மானிய ஊராகிய கேலுக்கு 2017 முதல் டிராம் வண்டியே ஓடுகிறது.

இம்மாற்றம் எவ்வாறு நேர்ந்தது? எல்லைகளை அழிக்க முயன்றோர் முன்பும் உண்டு. பெரிய செயின்ட் பெர்னார்ட் கணவாயை 1800 மே மாதம் தன் சேனையுடன் கடந்த நெப்போலியன், ரோமாபுரி முதல் ஹாம்பர்க் வரை பிரான்ஸுடன் இணைத்தான். 1815-ல் அச்சாம்ராஜ்யம் மறைந்தது. ஹிட்லர் எல்லைகளை அழித்ததும் பத்தாண்டுகள்கூட நிலைக்கவில்லை. ஆனால் 1985 ஜூன் 14-ந் தேதி, ஷெங்கன் கிராமத்தருகே மோஸல் நதியில் ஒரு படகின் மீது, பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்ஸம்பர்க் ஆகிய ஐந்து தேசங்களின் பிரதிநிதிகள் கையெழுத்திட்ட உடன்படிக்கை நிலைத்தது. சாவடிகள் நீங்கப் பத்தாண்டுகள் பிடித்தன. 1995 மார்ச்சில்தான் அது நடைமுறைக்கு வந்தது. இன்று 29 தேசங்கள் அதில் அடங்கும். பலாத்காரம் ஒரே நாளில் அழித்த எல்லை மறுபடி முளைத்தது. சம்மதம் மெல்ல மெல்லத் திறந்த கதவோ நாற்பது ஆண்டுகளாகப் பெருகி வந்திருக்கிறது.

இதைக் காட்டி, தேசியத்தின் காலம் முடிந்ததென்று சிலர் வாதிப்பர். அது பிசகு. கையெழுத்திடும் உரிமை படைத்த சுதந்திர தேசங்கள் இருந்ததனாலன்றோ உடன்படிக்கை உண்டாயிற்று! லக்ஸம்பர்க் ஒரு ஜில்லா அளவே உள்ள நாடு. ஆயினும் ஜெர்மனிக்குச் சமமாக அமர்ந்து அது கையெழுத்திட்டது. அடிமை நாட்டினிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை. 1939-ல் நம்மைக் கேளாமலே வைஸ்ராய் நம்மை யுத்தத்தில் சேர்த்ததை மறந்தோமில்லை. ஸ்டட்கார்ட்டில் 1907-ல் மேடம் காமா உலக சோஷலிஸ்டுகளின் சபையில் நம் கொடியை உயர்த்தியதும், 1931 டிசம்பரில் வட்டமேஜை மகாநாட்டிலிருந்து வெறுங்கையுடன் திரும்பிய காந்தியடிகள் வில்நவில் ரோமன் ரோலண்டைச் சந்தித்ததும் இந்த யாத்திரை வழியிலேயே நினைவுகூரத் தக்கவை. முதலில் சுதந்திரம், அதன் பின்னரே சமத்துவமான நேசம்.

திறந்த கதவு தானாகத் திறந்தே இருக்கும் என்றும் எண்ணலாகாது. 2015-க்குப் பின் பல தேசங்கள் தற்காலிகமாகச் சோதனைகளை மீண்டும் விதித்தன. ஜெர்மனி 2024 செப்டம்பரில் தன் நில எல்லைகள் அனைத்திலும் விதித்தது. ஆதலால் பாஸ்போர்ட்டைப் பெட்டியினடியில் வைக்காமல் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக் கொள்வது புத்திசாலித்தனம். ஸ்விட்சர்லாந்து ஷெங்கனில் சேர்ந்ததாயினும் ஐரோப்பிய யூனியனில் சேராதது. அங்கே சரக்குகளுக்குச் சுங்கச் சோதனை நேரலாம்.

காஸினோவில் யாத்திரை முடிகிறது. 1944-ல் இந்திய நான்காவது டிவிஷன் அக்குன்றின் மீது ஏறிப் போரிட்டது; அங்கு மடிந்த நம்மவர் பலருக்கு அங்குள்ள மயானமே இறுதி இடமாயிற்று. பிறர் எல்லைக்காக, பிறர் ஆணையால், உயிர் கொடுத்தவர்கள் அவர்கள். அவர்கள் வந்த வழியை, சுதந்திர இந்தியாவின் பாஸ்போர்ட்டைக் கையிற் கொண்டு, தன் விருப்பத்தால் ஒருவன் கடந்து செல்வது சிறிய காரியமன்று. செல்வோர் அங்கே ஒரு கணம் நின்று தலை வணங்கிவிட்டுத் திரும்புவாராக.