பழைய மடிக்கணினியும் சங்கத்துக் கணக்கும்

சிக்கனம் கூட்டுறவின் உயிர்நாடி என்பது யாவரும் அறிந்ததே. ஆகவே, பெரிய அலுவலகங்கள் கழித்து விற்கும் மடிக்கணினிகளை நமது சங்கங்கள் வாங்குவதை நாம் குறை கூறோம். ஆயினும் மலிவாய் வாங்கிய பொருள் நிலைத்து உழைத்தாலன்றோ அது சிக்கனம் ஆகும்?

அண்மையில் நாம் பார்வையிடச் சென்ற ஒரு நெசவாளர் சங்கத்தில் நேர்ந்ததைக் கூறுவோம். அதன் காரியதரிசி நேர்மையாளர். கழிவு விற்பனையில் இரண்டு மடிக்கணினிகளை வாங்கியிருந்தார். ஒன்று, பயாஸ் அமைப்பைத் திறக்கக் கடவுச்சொல் கேட்டது. விற்றவருக்கே அது தெரியவில்லை. திருப்பி எடுப்பதாகப் பில்லில் எழுதாமையால் அவர் ஏற்க மறுத்துவிட்டார். மற்றொன்றில் பர்ம்வேரைப் புதுப்பிக்கும் வேளையில் மின்சாரம் நின்றது. நிறைந்திருப்பதாகக் காட்டிய பழைய பாட்டரி சில நிமிஷங்களும் தாங்கவில்லை. அதன்பின் திரை ஒளிரவே இல்லை.

“சங்கப் பணத்தை மிச்சம் பிடிக்கத்தானே ஐயா செய்தேன்” என்று அவர் கூறியபோது நமக்கும் மனம் வருந்தியது. எனினும் ஆட்சேபணைக் குறிப்பு எழுதாதிருக்க இயலவில்லை. பேரேடு காகிதத்திலும் இருந்தமையால் அங்கத்தினரின் சிக்கன நிதிக் கணக்குத் தப்பியது.

பர்ம்வேர் என்பது மதர்போர்டிலுள்ள சிறு சிப்பில் எழுதப்பட்ட அடிப்படை நிரலாகும். பொத்தானை அழுத்தியதும் முதலில் விழிப்பது இதுவே. வட்டை அழித்து விண்டோஸைப் புதிதாக நிறுவினாலும் இது மாறாது. 2018 ஜனவரியில் வெளிப்பட்ட ஸ்பெக்டர், மெல்ட்டவுன் என்னும் பிராசஸர்க் குறைகளுக்கான திருத்தங்களிற் சில இவ்வழியாகவே வந்தன. ஆதலின் பழைய இயந்திரத்தில் இதைப் புதுப்பிப்பது அவசியமே.

வாங்குமுன் செய்ய வேண்டியவை யாவை? முதலாவது, பயாஸ் அமைப்பு கடவுச்சொல் இன்றித் திறக்கிறதா என்று கடையிலேயே பார்க்க வேண்டும். திங்க்பேட் மாதிரிகளில் மேற்பார்வைக் கடவுச்சொல் தொலைந்தால், மதர்போர்டையே மாற்ற வேண்டுமெனத் தயாரிப்பாளரே கூறுகின்றனர். இரண்டாவது, இணையத்தில் இணைத்துத் தொடங்கும்போது முந்தைய அலுவலகத்தின் பெயர் தோன்றினால், அவர்கள் தம் பதிவிலிருந்து அதை நீக்காத வரை வாங்கலாகாது. மூன்றாவது, 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு முடிவுற்றது. விண்டோஸ் 11 வேண்டுவோர் டி.பி.எம். 2.0 உள்ளதா, பிராசஸர் மைக்ரோசாப்ட் பட்டியலில் உள்ளதா என்று அறிதல் வேண்டும். நான்காவது, தேதி அடிக்கடி மாறினால் உள்ளிருக்கும் காசு வடிவ பாட்டரியை மாற்றுக. தேதி பிறழ்ந்தால் நாட்குறிப்பேடும் பிறழும்.

இனிப் புதுப்பிக்கும் முறை. அடியில் ஒட்டியுள்ள மாதிரி எண்ணையும் வரிசை எண்ணையும் குறித்துக்கொண்டு, தயாரிப்பாளரின் சொந்தத் தளத்திலிருந்தே கோப்பைப் பெறுக. உடன்வரும் குறிப்பைப் படிக்க வேண்டும். மிகப் பழைய பதிப்பிலிருந்து நேரே தாவாமல் இடைப் பதிப்பொன்றை முதலில் ஏற்ற வேண்டிய மாதிரிகளும் உள. பிட்லாக்கர் பூட்டு இருப்பின், மீட்புச் சாவியை எழுதி வைத்து, பூட்டைத் தற்காலிகமாய் நிறுத்துக. கணக்குகளுக்கு வேறிடத்தில் நகல் எடுக்க வேண்டும். லினக்ஸ் நிறுவியோர்க்கு, டெல், லெனோவா முதலியோரின் பல மாதிரிகளுக்கு அதன் புதுப்பிப்புச் சேவை வழியாகவே பர்ம்வேர் கிடைக்கும்.

எல்லாவற்றினும் முக்கியமானது மின்சாரம். சார்ஜர் இணைந்திருக்க வேண்டும். பாட்டரியும் உண்மையாகவே தாங்க வேண்டும். முந்திய நாள் சார்ஜரைக் கழற்றி அரைமணி நேரம் ஓட்டிப் பார்த்தால் உண்மை தெரியும். தாங்காதெனின் யு.பி.எஸ். வழியாக மின்சாரம் கொடுத்துச் செய்க. தொடங்கியபின் திரை இருண்டாலும், விசிறி இரைந்தாலும், தானாக முடியும்வரை கை வைக்கலாகாது.

மேற்சொன்ன சங்கத்து மடிக்கணினி, பழுது பார்ப்பவர் தனிக் கருவியால் சிப்பை மீண்டும் எழுதியபின் உயிர்பெற்றது. அக்கூலியைக் காரியதரிசி தம் கையிலிருந்தே கொடுத்தார். நல்லெண்ணத்தோடு உழைப்பவர் தனியே நஷ்டப்படுவது கூட்டுறவுக்கு அழகன்று. வாங்குமுன் நிர்வாகக் குழு கூடித் தீர்மானித்து, திருப்பி எடுக்கும் நிபந்தனையைப் பில்லில் எழுதி வாங்கி, அறிந்தவர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு இப்பணியைச் செய்யுமாறு சங்கங்களைக் கேட்டுக்கொள்கிறோம்.