கண்புரை முற்றும்வரை காத்திருக்க வேண்டுமா?

"புரை நல்லா முத்தட்டும் ஹஜ்ரத், அப்புறம் பார்த்துக்கலாம்." திண்டுக்கல் பேகம்பூரிலும் நத்தம், வேடசந்தூர் பக்கத்துக் கிராமங்களிலும் பெரியவர்களிடம் நாம் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. குர்ஆனை மூடி வைத்து மாதங்கள் ஆகியிருக்கும். பள்ளிவாசல் படியைக் காலால் துழாவி ஏறுவார்கள். ஆனாலும் காத்திருப்பார்கள்.

ஒரு காலத்தில் இது சரியான யோசனைதான். அன்று கண்ணின் வில்லையை முழுதாக எடுத்துவிடுவார்கள். தலையின் இருபுறமும் மணல் மூட்டை வைத்து, அசையாமல் பல நாள் படுக்க வேண்டும். பிறகு ஆயுளுக்கும் தடித்த கண்ணாடி.

இந்தச் சிரமம் நம் ஃபிக்ஹு நூல்களிலும் பேசப்பட்டுள்ளது. இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களுக்குக் கண்ணில் நீர் இறங்கியபோது, சில நாட்கள் மல்லாந்து படுத்தே தொழ வேண்டும் என்ற நிபந்தனையுடன் சிகிச்சை சொல்லப்பட்டது, அதை அவர்கள் ஏற்கவில்லை என்று ஓர் அறிவிப்பு உண்டு. நம்பகமான மருத்துவர் சொன்னால் அப்படித் தொழலாம் என்று பிற்கால அறிஞர்கள் பலர் அனுமதித்தனர்.

இன்று சிகிச்சையே மாறிவிட்டது. 1949ல் லண்டனில் ஹெரால்டு ரிட்லி கண்ணுக்குள் செயற்கை வில்லை பொருத்தினார். 1967ல் அமெரிக்காவின் சார்லஸ் கெல்மன், புரையை அல்ட்ராசவுண்ட் அதிர்வால் உடைத்து உறிஞ்சும் 'ஃபேகோ' முறையைக் கொண்டுவந்தார். இப்போது வெட்டு சுமார் 3 மில்லிமீட்டர்தான். பெரும்பாலும் தையல் இல்லை, அன்றே வீடு திரும்பலாம். 1976ல் டாக்டர் கோ. வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆரோலேப், 1992 முதல் வில்லையை இங்கேயே தயாரித்ததால் விலையும் ஏழைக்கு எட்டியது.

இப்போது காத்திருப்பதுதான் ஆபத்து. முற்றிய புரை கல்லாக இறுகும். அதை உடைப்பது கடினம். அளவு மீறினால் கண் அழுத்தம் ஏறி, பார்வையே போகலாம்.

"லாசிக் செய்தால் புரை போகுமா?" என்றும் கேட்கிறார்கள். போகாது. லாசிக் என்பது கருவிழியை லேசரால் செதுக்கி, கண்ணாடிப் பவரைக் குறைப்பது. 18 வயது கடந்து, பவர் மாறாமல் நிலைத்தவர்களுக்கே அது பொருந்தும். லாசிக் செய்தவர்கள் அந்தச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். பின்னாளில் புரைக்கு வில்லை அளவு கணக்கிட அது உதவும்.

வில்லை விஷயத்திலும் நிதானம் தேவை. தூரமும் கிட்டமும் காட்டும் விலை கூடிய மல்டிஃபோகல் வில்லை சிலருக்கு இரவில் விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் காட்டும். இரவில் வண்டி ஓட்டுபவர்கள் இதை மருத்துவரிடம் கேட்டே முடிவெடுக்க வேண்டும். கடன் வாங்கத் தேவையில்லை. சாதாரண வில்லையும் தெளிவான பார்வை தரும், படிக்க மட்டும் கண்ணாடி போடலாம்.

சிகிச்சைக்குப் பின் சில நாட்கள் கண்ணில் தண்ணீர் படக்கூடாது, கசக்கக்கூடாது. குனிய வேண்டாம் என்று மருத்துவர் சொன்னால், உட்கார்ந்து சைகையால் ருகூவும் ஸஜ்தாவும் செய்யலாம். உளூவுக்கும் மார்க்கத்தில் சலுகை உண்டு. உங்கள் இமாமிடம் கேளுங்கள்.

தொழுகைக்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. இந்த வாரமே வீட்டுப் பெரியவரை ஒரு கண் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள். இன்ஷா அல்லாஹ், அவர் மீண்டும் குர்ஆனைத் திறப்பார்.