காலி இடத்தின் வேலை

திருவனந்தபுரத்தில் ஒரு கடைவீதியின் பெயரே சாலை. கிழக்கேகோட்டையில் தொடங்கிக் கிள்ளிப்பாலம் வரை நீளும் இந்தச் சாலை பஜாரை 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவாக்கியவர் திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ். மாட்டுவண்டிக் காலத்து அகலம். தென்தமிழகத்திலிருந்து போன வணிகர்கள் தலைமுறை தலைமுறையாக இங்கே கடை வைத்திருக்கிறார்கள். ஓணத்துக்கு முந்தின வாரம் இதற்குள் காரைக் கொண்டுபோகிறவருக்கு நெஞ்சுரம் அதிகம்.

எனக்குப் பழக்கமான பாத்திரக்கடை அண்ணாச்சி ஒருவர் இந்த நெருக்கடிக்கு ஒரே மருந்துதான் சொல்வார். “காசு வாங்காம வண்டிய நிறுத்த விடணும் தம்பி. மாலுக்குப் போற கூட்டம் தானா இங்க திரும்பும்.” 2021 டிசம்பரில் ஆக்குளத்தில் திறந்த லுலு மாலில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் நிற்கலாம் என்பது அவருடைய நெஞ்சில் முள்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சாலையோரம் ஒரு விசித்திரமான இயந்திரம். அதைத் திறந்து பார்த்தால் கணக்கு வேறு மாதிரி ஓடுகிறது.

20 கார்கள் நிற்கக்கூடிய ஒரு தெருவை வைத்துக்கொள்வோம். கடைகள் காலை 10 முதல் இரவு 8 வரை. வருகிறவர் ஒரு மணி நேரத்தில் கிளம்பினால், நாளொன்றுக்கு 200 கார்கள் வந்துபோகலாம். மூன்று நிமிடத்துக்கு ஓர் இடம் காலியாகும். காலையில் வந்தவர் கடை அடைக்கும்வரை வண்டியை எடுக்காவிட்டால் வெறும் 20 கார்கள். தெரு அதே தெரு. மாறியது, வண்டி நிற்கும் நேரம் மட்டும்.

கட்டணம் இல்லாத இடத்தில் காலையில் முதலில் வந்து நிற்பவர் யார்? வாடிக்கையாளர் அல்லர், அவர் பதினொரு மணிக்குத்தான் வருவார். ஒன்பதரைக்கே வந்துவிடுபவர்கள் பக்கத்து அலுவலக ஊழியர்கள், கடைச் சிப்பந்திகள், முதலாளிகள். அண்ணாச்சியின் வெள்ளைக் காரும் அந்த வரிசையில் உண்டு. அதை நான் சொன்னபோது அவர் கல்லாவைத் துடைக்க ஆரம்பித்தார்.

அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரக் கடைக்காரர்களுக்கும் இதே தொல்லை இருந்தது. கார்ல் மகீ என்ற பத்திரிகை ஆசிரியர் அதற்கு ஒரு கருவியை முன்வைத்தார். 1935 ஜூலை 16 அன்று உலகின் முதல் நிறுத்தக் கட்டண மீட்டர் அங்கே நடப்பட்டது: கடிகாரச் சுருள்வில்லும் காசுத் துளையும் கொண்ட கம்பம். மணிக்கு 5 சென்ட். வருமானத்தைவிட, நாள் முழுக்க நிற்கும் வண்டியைக் கிளப்புவதுதான் பெரிய நோக்கம். தெருவின் ஒரு பக்கம் மட்டும் மீட்டர் நட்டார்கள். சில நாட்களிலேயே எதிர்வரிசைக் கடைக்காரர்கள் எங்களுக்கும் வேண்டும் என்று கேட்டு வந்தார்கள். வாடிக்கையாளரை விரட்டுவதாக இன்று திட்டு வாங்கும் கருவி, வாடிக்கையாளருக்கு இடம் பிடிக்கத்தான் பிறந்தது.

அடுத்த ஆச்சரியம் இன்னும் நுட்பமானது. தெருவிலுள்ள இடங்களில் எத்தனை பங்கு நிரம்பியிருக்கிறது என்பதை ‘நிரம்பல் வீதம்’ என்போம். காலி இடங்கள் ஆங்காங்கே சிதறிக் கிடக்கின்றன, ஒரு காருக்கு 6 மீட்டர் என்று வைத்துக்கொண்டு தேடிப் போவோம். நிரம்பல் 85 சதவீதமாக இருந்தால், சராசரியாக ஏழாவது இடத்துக்குள் ஒன்று கிடைக்கும். 40 மீட்டர் தேடல். 95 சதவீதமானால் இருபதாவது இடம், 120 மீட்டர். 99 சதவீதமானால் நூறாவது இடம், 600 மீட்டர். நிரம்பல் கூடியது 14 புள்ளிதான், தேடலோ பதினைந்து மடங்கு. சாந்தமாக ஓடிக்கொண்டிருந்த தெரு, கடைசி நாலைந்து கார்கள் வந்ததும் சட்டென்று கிறுக்குப் பிடித்தாற்போல் ஆவது இதனால்தான்.

இப்படி இடம் தேடி வட்டமடிப்பதற்குச் ‘சுற்றித் தேடல்’ என்று பெயர் வைக்கலாம். இதை ஆயுள் முழுக்க ஆராய்ந்தவர், 2025 பிப்ரவரியில் மறைந்த பேராசிரியர் டொனால்ட் ஷூப். லாஸ் ஏஞ்சலஸில் தம் பல்கலைக்கழகத்தை ஒட்டியிருந்த வெஸ்ட்வுட் கடைவீதியில் அவர் அளந்தபோது, ஓர் இடம் பிடிக்கச் சராசரியாக 3.3 நிமிடம் ஆனது. எரிச்சல் தலைகாட்டக்கூடப் போதாத நேரம். ஆனால் 15 தெருத்தொகுதிகளே கொண்ட அந்தச் சின்ன இடத்தில் ஓராண்டின் சுற்றித் தேடலைக் கூட்டினால் ஏறக்குறைய 15 லட்சம் கிலோமீட்டர். பூமியை 38 தடவை சுற்றிவரும் தூரம். எங்கேயும் போய்ச் சேராத பயணம், பெட்ரோலை மட்டும் நிஜமாகவே குடித்தது.

ஷூப் சொன்ன தீர்வு எளிமையானது: ஏழெட்டு இடத்துக்கு ஒன்று எப்போதும் காலியாக இருக்கும்படி கட்டணத்தை வை. 2011இல் சான்பிரான்சிஸ்கோ நகரம் இதைச் செய்து பார்த்தது. தரையில் உணரிகளைப் பதித்து, தெருத்தெருவாக நிரம்பலை அளந்தது. 80 சதவீதத்தைத் தாண்டிய தெருவில் கட்டணம் மணிக்கு 25 சென்ட் ஏறும். 60க்குக் கீழே போனால் இறங்கும். சில வாரங்களுக்கு ஒருமுறை இந்தத் திருத்தம். முடிவில் மீட்டர்களின் சராசரிக் கட்டணம் 4 சதவீதம் குறைந்திருந்தது! இரண்டு தெரு தள்ளி, கேட்பாரற்றுக் கிடந்த இடங்கள் மலிவானதும் ஆட்கள் அங்கே நகர்ந்தார்கள். ஆகவே அண்ணாச்சி சொன்னது முழுக்கத் தவறில்லை. பாதி காலியாகக் கிடக்கும் இடத்தில் இலவசமே சரியான விலை.

காலி இடம் வீண் அல்ல, அது ஒரு பாகம் என்பதைக் கண்ணால் பார்க்க இயந்திர நிறுத்தகங்களுக்குப் போகலாம். பாளையத்தில் திருவனந்தபுரம் மாநகராட்சி அலுவலக வளாகத்திலேயே 2020இல் ஒன்று திறக்கப்பட்டது. சுமார் 100 கார்கள் அடுக்கடுக்காக நிற்கும். இவற்றில் பரவலான ஒரு வகை ‘புதிர் அடுக்கு’. எண் கட்டைகளை நகர்த்தி ஒழுங்குபடுத்தும் சதுரப் புதிரைச் சிறுவயதில் விளையாடியிருப்பீர்கள், அதே தத்துவம்தான். மூன்று நிரல், மூன்று மாடி என்றால் ஒன்பது அறைகள். ஆனால் ஏழு கார்களைத்தான் ஏற்றுவார்கள். கீழ் இரண்டு மாடிகளிலும் ஒவ்வோர் அறை வெறுமையாக இருக்க வேண்டும். உச்சியிலுள்ள கார் வேண்டுமென்றால், கீழே உள்ள தட்டுகள் பக்கவாட்டில் வழிவிட்டு விலகும். அது நேராக இறங்கும். பேராசைப்பட்டு ஒன்பதையும் நிரப்பினால் மேல் மாடிகளிலுள்ள ஒரு காரும் கீழே வராது.

இந்தச் சாமர்த்தியத்துக்குக் காரணம், நிலம். டெல்லியின் 2021 பெருந்திட்டக் கணக்குப்படி, திறந்தவெளியில் ஒரு காருக்கு வழித்தடமும் சேர்த்து 23 சதுர மீட்டர் வேண்டும். ஏறக்குறைய 250 சதுர அடி. சாலை பஜாரில் இதைவிடச் சின்னக் கடைகள் ஏராளம். நிலத்தடித் தளத்தில் 32 சதுர மீட்டர், மின்தூக்கி அடுக்கிலோ 16தான்.

சாலையோரத்துக்கு விலை கிடையாது என்று நினைத்தால் 2022இல் திருவனந்தபுரம் எம்.ஜி. ரோட்டில் நடந்ததைப் பார்க்கலாம். அங்கே நிறுத்துமிடத்தின் ஒரு பகுதியை மாதம் 5,000 ரூபாய்க்கு ஒரு தனியார் விடுதிக்கு மாநகராட்சி எழுதிக்கொடுத்தது. ஊர் கொதித்தது, ஏற்பாடு ரத்தானது.

இன்னொரு சங்கதி. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில், உங்கள் வாடிக்கையாளர்களில் எத்தனை பேர் காரில் வருகிறார்கள் என்று கடைக்காரர்களைக் கேட்டார்கள். 41 சதவீதம் என்றார்கள். வாடிக்கையாளர்களையே கேட்டபோது வந்த விடை 22. கிழக்கேகோட்டையில் பேருந்திலிருந்து இறங்கி, குடையை மடக்கிக்கொண்டு நடந்து வருகிறவரை அண்ணாச்சியும் எண்ணியதில்லை. வண்டி நிறுத்த இடமில்லை என்று புலம்பிவிட்டுக் குக்கர் வாங்குகிறவர்தான் மனத்தில் நிற்கிறார்.

போன தடவை இதையெல்லாம் அவருக்கு ஒரு பில் தாளின் பின்பக்கம் எழுதிக் காட்டினேன். இருபதில் மூன்று காலியாக இருக்க வேண்டும் என்ற வரியில் விரலை வைத்தார்.

“எந்த மூணு?”

“ஒரே மூணு இல்ல அண்ணாச்சி. நகர்ந்துக்கிட்டே இருக்கும்.”

கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்தார். அப்புறம் கடைப் பையனைக் கூப்பிட்டுக் கார் சாவியை நீட்டினார்.

“புத்தரிக்கண்டம் மைதானம் பக்கம் கொண்டு போயிப் போடுடே. சாயங்காலம் எடுத்துக்கலாம்.”