பொத்தானை அழுத்தும் முன்பே வந்த விடை

எங்கள் பள்ளிக் கணினி மன்றத்தில் மாணவி ஒருத்தி பைத்தான் மொழியின் டிகின்டர் நூலகத்தைக் கொண்டு அறிவியல் வினாடி வினா நிரல் ஒன்றை எழுதினாள். திரையில் ஒரு வினா, அதன் கீழ் 'விடை காட்டு' என்ற பொத்தான். தோழிகள் முன் இயக்கிக் காட்டியபோது, சாளரம் திறந்ததுமே விடை வந்து நின்றது. பிறகு பொத்தானை எத்தனை முறை அழுத்தியும் பயனில்லை. எல்லோரும் சிரித்துவிட்டார்கள். "நீங்க கொடுத்த தாள்ல இருக்கிற மாதிரிதான் சார் எழுதினேன்" என்றாள் கண்கலங்கி.

தாளை வாங்கிப் பார்த்தேன். பொத்தானின் 'கமாண்ட்' பகுதியில் "செயற்கூற்றை எழுதுக" என்று மட்டும் குறிப்பிட்டிருந்தேன். செயற்கூறு என்றால் அடைப்புக்குறியோடு எழுத வேண்டும் என்று பழக்கியவனும் நானே. அவளும் 'விடைகாட்டு()' என்று எழுதியிருந்தாள்.

அடைப்புக்குறி இருந்தால், அந்த வரிக்கு வந்தவுடனேயே பைத்தான் செயற்கூற்றை இயக்கிவிடும். அது திருப்பி அனுப்பும் மதிப்பே பொத்தானுக்குச் சேரும். இங்கே எதுவும் திரும்பி வராததால் பொத்தானுக்கு வேலையே இல்லை. 'விடைகாட்டு' என்று பெயரை மட்டும் கொடுத்தால், அழுத்தும் நேரத்தில் பொத்தான் அதை இயக்கும். ஒருவரிடம் தொலைபேசி எண்ணைக் கொடுத்து வைப்பது வேறு, நாமே அந்த எண்ணை அழைத்துப் பேசி முடித்துவிடுவது வேறு அல்லவா?

இன்னொரு குழப்பமும் உண்டு. எண்டர் விசையை அழுத்தினாலும் விடை வர வேண்டுமென்றால் 'பைண்ட்' பயன்படுத்துவோம். 'கமாண்ட்' செயற்கூற்றுக்கு எந்த மதிப்பையும் அனுப்பாது. 'பைண்ட்' மட்டும் நடந்த நிகழ்வைப் பற்றிய விவரத்தை ஒரு மதிப்பாக அனுப்பும். அதைப் பெற்றுக்கொள்ள அளபுரு இல்லாவிட்டால் பிழைச்செய்தி வரும்.

குறிப்புத்தாளை இப்படித் திருத்தினேன்:

1. 'கமாண்ட்' பகுதியில் செயற்கூற்றின் பெயரை மட்டும் எழுதுக, அடைப்புக்குறி வேண்டாம்.
2. 'பைண்ட்' பயன்படுத்தும்போதும் பெயர் மட்டுமே. செயற்கூற்றில் ஓர் அளபுரு கட்டாயம்.
3. ஒரே செயற்கூறு இரண்டுக்கும் பயன்பட வேண்டுமானால், அந்த அளபுருவுக்கு 'நன்' என்று தொடக்க மதிப்புக் கொடுக்கவும்.

புதிய தாளை முதலில் அவளிடமே கொடுத்தேன். படித்தாள், இரண்டு அடைப்புக்குறிகளை அழித்தாள், இயக்கினாள். அழுத்திய பிறகே விடை வந்தது. தோழிகள் முன் மறுபடியும் இயக்கிக் காட்டச் சொன்னேன். "போன தடவை தப்பு என் தாளில்தான்" என்று அவர்களிடம் நானே சொன்னேன்.

மாணவர் நிரலில் பிழை தேடும்போது, நாம் எழுதிக் கொடுத்த குறிப்பையும் அருகில் வைத்துப் படிப்போம்.